கோதுமைப் பத்தியம்

சௌந்தரநாயகி சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு புருஷன் தட்டில் சோறு போடப் போகிறாள். போடச் சொன்னவர் தஞ்சாவூர் டாக்டர்தான், ஆனாலும் பயம் போகவில்லை.

உத்திராபதிக்கு முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்து, தினமும் இன்சுலின் ஊசி என்று ஆனபோது ஊரே கூடிச் சொன்னது ஒன்றுதான்: சோற்றை நிறுத்து, கோதுமைக்கு மாறு. குறுவை நெல்லை அறுத்து வீட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கிவிட்டு, மனுஷன் சப்பாத்தி தின்றான். ஆசைப்பட்டு ஒரு பிடி சோறு கேட்டால்கூட அவள் கொடுத்ததில்லை. அவ்வளவு கெட்டிக்காரி! அவனுக்கு வயிறு உப்பியது, ஓயாமல் பேதியானது, சட்டை தோளில் தொங்கியது. சர்க்கரைதான் ஆளை உருக்குகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு சப்பாத்தி கூடச் சுட்டாள்.

போன மாதம், வயலில் எண்ணெய்க் குழாய் பதிக்கக் கூடாது என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. அந்த மறியலில் அவனுக்கு வேர்த்துக் கொட்டி வாய் குழறியது. வெயில் என்றார்கள் மற்றவர்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவளுக்குத்தான் பட்டது, சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். நாலு சப்பாத்தி தின்றவனுக்குச் சர்க்கரை எப்படி இறங்கும்? அவன் பார்வை தெளியும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை.

டாக்டர் ரத்தம் எடுத்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்தார். "இந்த மாதிரி சர்க்கரை இருக்கறவங்கள்ல சிலருக்குக் கோதுமையே ஆகாதும்மா. குடல் கெட்டுப்போயிடும். சாப்பிட்டது உடம்புல ஒட்டாது, ஊசி மட்டும் வேலை செய்யும். அதான் திடீர்னு இறங்கிடுது. இனிமே ஆயுசுக்கும் கோதுமை துளிகூடக் கூடாது. சோறு அளவா குடுங்க. குடல் தேறுனா சர்க்கரை ஏறும், விரல்ல குத்திப் பாத்துக்கிட்டே இருங்க, ஊசி அளவை மாத்தணும். கடையில வாங்கற டப்பா எதுவா இருந்தாலும் படிச்சுப் பாத்து வாங்குங்க."

ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்.

"ஊசி போட்டாச்சு. ஏன் நிக்கிற, போடேன்," என்றான் உத்திராபதி.

"நானே உங்களுக்கு வெஷத்தச் சுட்டுப் போட்டிருக்கேங்க."

"ஊரு சொன்னுச்சு, நீ செஞ்ச. ரசத்த ஊத்து."

ரசத்தை ஊற்றினாள். அவன் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தான். "அடடா, பெருங்காய வாசனை தூக்குது."

அவனுக்குப் பிடிக்குமே என்று இரண்டு சிட்டிகை கூடத்தான் போட்டிருந்தாள். ஏனோ கண் அலமாரிக்குப் போனது. பெருங்காய டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு.

"என்னங்க, வாயில வைக்காதீங்க!"

தட்டைப் பிடுங்கிக் கழுவினாள். ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பிடாமலும் விட முடியாது. வெறும் சோற்றைப் போட்டு, தாளிக்காத மோரை ஊற்றி, உப்பு வைத்தாள்.

அவன் சாப்பிட ஆரம்பித்தான். அவள் அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி ஜன்னலோரம் வைத்து, கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே திரும்பி அவன் நெற்றியில் வேர்க்கிறதா என்று பார்த்தாள்.