தனக்கோடியின் முடிவு ஜெபம்

சத்தியநாதன் மூப்பர் செய்த தப்புகள் பல. ஆனால் அவரைக் கவிழ்த்தது ஒன்றே ஒன்றுதான். உபவாசக் கூட்டத்தின் முடிவு ஜெபத்தைப் போயும் போயும் தனக்கோடியிடம் கொடுத்தார். மனுஷன் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா?

பெங்களூர் நீலசந்திராவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தச் சின்ன ஜெப வீட்டில் சட்டங்களுக்குக் குறைச்சலே இல்லை. பாதிக்கு மேல் சபையின் மூப்பர் என்ற முறையில் சத்தியநாதன் போட்டவை. உபவாச ஜெபம் தொடங்கியதும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள், கொல்லைக் கதவுக்குப் பூட்டு. பாத்ரூம் இருப்பது கொல்லையில். ஜெபத்தின் நடுவே ஆட்கள் எழுந்து எழுந்து போனால் ஆவியானவர் இறங்கமாட்டார் என்பது மூப்பரின் கொள்கை. இடைவேளை விட்டால் போய்வரலாம், அதோடு சரி. சாவி அவருடைய மனைவி சுகிர்தத்தின் முந்தானையில் முடிந்திருக்கும்.

மூப்பர் போடாத பழைய சட்டங்களும் உண்டு. ஒருவர் வாய்விட்டு ஜெபம் பண்ணும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. அவர் ஊரில் உள்ள ஒவ்வொரு வியாதியஸ்தனையும் பேர் சொல்லி ஜெபித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முடிவு ஜெபம் பண்ணுகிறவர் 'ஆமென்' சொன்ன பிறகுதான் உபவாசம் முடியும், அதன் பிறகுதான் கஞ்சிப் பானையின் மூடி திறக்கும். இதை மீறியவர்கள் அந்தச் சபையில் இல்லை.

இனி தனக்கோடி. புருஷன் போய்ச் சேர்ந்த நாள் முதல் அடுகோடிப் பக்கம் ஒரு ஏற்றுமதி கார்மென்ட்ஸில் டெய்லர். மகள் மௌரீனும் அங்கேதான், சட்டைகளை அயர்ன் போடும் ஃபினிஷிங் பிரிவில். இருவரும் வேலை செய்யும் தளத்துக்கு இன்சார்ஜ் யார் தெரியுமா? சாட்சாத் சத்தியநாதன் மூப்பரேதான். ஜெப வீட்டில் பழகியதை ஃபேக்டரிக்குக் கொண்டு போனாரோ, ஃபேக்டரியில் பழகியதை ஜெப வீட்டுக்குக் கொண்டு வந்தாரோ, அங்கேயும் பெண்களின் பாத்ரூமுக்குப் பூட்டு உண்டு. அங்கே சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். அவரிடம் போய் நின்று, தலையைக் குனிந்து கேட்க வேண்டும். அவர் வாட்சைப் பார்ப்பார். பிறகு ஆளைப் பார்ப்பார்.

இந்தக் கேவலத்துக்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் ஒரு வாய் காபி, அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சொம்பைத் தூக்குவார்கள். தனக்கோடியும் அப்படித்தான் வருஷக்கணக்காக ஓட்டினாள்.

அம்புஜத்துக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியவில்லை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண், வயிற்றில் பிள்ளை வேறு. உபவாசக் கூட்டத்துக்கு முந்தின வாரம் அவள் போய்ச் சாவி கேட்டாள். "டார்கெட் முடியட்டும்" என்றார் மூப்பர். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போனாள். "டார்கெட் முடிஞ்சுதா? இல்லல்ல? அப்புறம் இன்னா?" மூன்றாவது தடவை அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே எல்லாம் ஆகிப்போனது. மூப்பர் ஒரு பழைய துணியை அவள் முன்னால் போட்டு, தரையைத் துடைக்கச் சொன்னார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் வாயைத் திறக்கவில்லை. தனக்கோடியும் திறக்கவில்லை.

மௌரீன் வாயைத் திறக்காமலேயே வந்தாள். கையில் கனமான அயர்ன் பாக்ஸ். நேராகப் பாத்ரூம் கதவுக்குப் போய், பூட்டின் மேல் ஓங்கிப் போட்டாள். பூட்டு தெறித்துக் கீழே விழுந்தது. "அம்புஜம், வாக்கா" என்று கூப்பிட்டாள். பின்னாலேயே லைனில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்து போனார்கள்.

அன்றைக்கே மௌரீனை வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்சார்ஜிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு. மூப்பருக்கு அது போதவில்லை. சபைப் பிள்ளை சபையிலும் கேட்க வேண்டும் என்றார். அவளைப் பிடித்த கலக ஆவி விலகுவதற்காக கன்னட ராஜ்யோத்சவ லீவு அன்றைக்கு உபவாச ஜெபம் என்று அறிவித்தும் விட்டார். பாஸ்டர் ஞானாபரணம் நல்ல மனுஷர்தான், வாய்தான் கிடையாது. தலைக்கு மேலே இருக்கும் கூரை மூப்பர் போட்டுக் கொடுத்தது என்றால் யாருக்குத்தான் வாய் வரும்!

அன்று காலையில் மௌரீன் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன். நீ சொன்னாலும் சரி."

"நான் எப்போ கேக்கச் சொன்னேன்?"

"அப்போ எதுக்கு வரச் சொல்றே?"

"வூட்ல ஒளிஞ்சுகிட்டா நாமதான் தப்பு பண்ணோம்னு ஆயிடும். நிமிர்ந்து வந்து உக்காரு. மீதிய அங்க பாத்துக்கலாம்."

அங்கே என்ன பார்த்துக்கொள்வது என்று தனக்கோடிக்குச் சத்தியமாகத் தெரியாது. மகள் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்கக் கூடாது, அது மட்டும் தெரியும். சபையில் பெண்கள் எழுந்து நியாயம் பேசுகிற வழக்கம் கிடையாது. பாடலாம், சாட்சி சொல்லலாம், ஜெபம் பண்ணலாம். அவ்வளவுதான்.

தெரு முனையில் சிவப்பு மஞ்சள் கொடி கட்டி, ஒலிபெருக்கியில் கன்னடப் பாட்டு போட்டிருந்தார்கள். உள்ளே இவர்கள் பாடியது இவர்களுக்கே கேட்கவில்லை. மூப்பருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் அவர் மட்டும் தண்ணீர் குடிக்கலாம் என்று பாஸ்டர் அனுமதி கொடுத்திருந்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை, உடம்பு கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். மதியத்துக்குப் பிறகு அவரே எழுந்து, கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தொண்டை காயக் காயப் பெரிய பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தார். வரிக்கு வரி கண்கள் மௌரீன் மேல் போய் நின்றன. அவளும் கண்ணைத் தாழ்த்துவதாக இல்லை.

பாட்டில் காலியானபோதுதான் பிரசங்கம் முடிந்தது. "முடிவு ஜெபம் ஆனதும் மௌரீன் எழுந்து ஆண்டவர் கிட்டயும் சபை கிட்டயும் மன்னிப்புக் கேக்கும்" என்றார் மூப்பர். பிறகு அவருக்கு ஒரு குஷி தோன்றியது. "முடிவு ஜெபத்த பெத்தவங்களே பண்ணட்டும். தனக்கோடி, வளர்த்த வளர்ப்புக்காக நீயும் கொஞ்சம் அழுது ஜெபம் பண்ணும்மா."

எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். தனக்கோடி முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். காது கொதித்தது. வளர்த்த வளர்ப்பா? இருய்யா, சொல்கிறேன்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. காலையில கண்ணு முழிக்க வெச்சீரே, அதுக்கு ஸ்தோத்திரம். காவேரித் தண்ணி குழாய்ல வந்துச்சே, அதுக்கு ஸ்தோத்திரம்." தண்ணீருக்காக மட்டும் வெகுநேரம் ஸ்தோத்திரம் சொன்னாள். கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், ஏரித் தண்ணீர் எதையும் விடவில்லை. பிறகு அவள் குரல் மாறியது.

"இன்னைக்கு எல்லாரும் பட்டினியா கெடக்கிறோம் ஆண்டவரே. எங்களுக்கு இது புதுசில்ல. வேலைக்குப் போற நாள் பூரா நாங்க உபவாசந்தான். சோத்த வுட்ட உபவாசம் இல்ல, தண்ணிய வுட்ட உபவாசம். குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிச்சா சாவி கேக்கணும். ஒரு ஆம்பள கிட்டப் போயி, 'ஐயா, எனக்கு ஒண்ணுக்கு வருது, தொறந்து வுடுங்க'ன்னு கேக்கணும். கேட்டுப் பாத்திருக்கீரா ஆண்டவரே?"

"ஸ்தோத்திரம்!" என்று மூப்பர் உரக்கக் குரல் கொடுத்தார். ஜெபத்தை முடி என்று நாகரிகமாகச் சொல்வதற்கு அங்கே அதுதான் வழி.

"மூப்பரும் ஸ்தோத்திரம் சொல்றாரு ஆண்டவரே, அவருக்கும் உண்மை தெரியும்" என்று தனக்கோடி தொடர்ந்தாள். பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

ஃபேக்டரிப் பெண்களைப் பேர் பேராகச் சொல்லி ஜெபித்தாள். நீர்க்கடுப்பில் துடிக்கும் ராகேல். சிறுநீரகத்தில் கல் என்று ஆஸ்பத்திரிக்கு அலையும் கிருபை. ஒவ்வொரு பேருக்கும் "ஆமா ஆண்டவரே" என்று ஒரு குரல் வந்தது. பிறகு அம்புஜம். அவளுக்குப் போட்ட துணி, அவள் துடைத்த தரை, வயிற்றுப் பிள்ளையோடு அவள் குனிந்த கோலம் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் அங்கதான் உக்காந்திருந்தேன். கையக் கட்டிகிட்டு உக்காந்திருந்தேன். எம் பொண்ணு உக்காரல. அவ மேல கலக ஆவி எறங்கிச்சாம். அப்படீன்னா அந்த ஆவிய எனக்கும் தாரும் ஆண்டவரே! இங்க இருக்கிற எல்லா பொம்பளைக்கும் தாரும்!"

"ஆமென்" என்று பாஸ்டர் மெல்ல எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். தனக்கோடி அந்த வார்த்தையைத் தொடவே இல்லை. கஞ்சி வாசனை கூரை வரைக்கும் எழும்பியிருந்தது. குழந்தைகள் சிணுங்கின. அவள் சபைக்காக, தெருவுக்காக, கர்நாடகா சர்க்காருக்காக ஜெபித்தாள்.

ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்பதும் ஒரு சட்டம்தான். தனக்கோடி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். ஆண்கள் பக்கத்தில் மூப்பர் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே? அம்புஜத்தின் முகம்தான் அது. அடி சக்கை என்றிருந்தது அவளுக்கு. பொய் சொல்வானேன், அத்தனை வருஷத்துத் தாகமும் அப்போதே தீர்ந்தது.

மூப்பர் கடைசியில் எழுந்தே விட்டார். அந்த ஜெப வீட்டில் ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் பாயின் ஓரத்துக்கு வந்து, "சுகிர்தம், சாவி" என்றார் கிசுகிசுப்பாக.

சுகிர்தம் கண்ணைத் திறக்கவில்லை. "ஜெபம் நடக்குதுங்க" என்றாள்.

"தனக்கோடி, முடிம்மா." குரல் உடைந்திருந்தது. "போதும்மா, முடிச்சிடு."

தனக்கோடி கூரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "எப்படி முடிப்பேன் ஆண்டவரே? டார்கெட் இன்னும் முடியலையே!"

அப்போது மௌரீன் எழுந்து நின்றாள். எல்லாக் கண்களும் திறந்தன. மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்றே நினைத்தார்கள். மௌரீன் சுகிர்தத்தின் முன்னால் போய்க் கையை நீட்டினாள். சுகிர்தம் அவளை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அந்தக் கையில் வைத்தாள். மௌரீன் கொல்லைக் கதவின் பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"போங்க அங்கிள்" என்றாள். "இதுக்கெல்லாம் யாரும் யாரையும் கேக்கக் கூடாது."

மூப்பர் அவளைத் தாண்டித் தலை குனிந்து போனார். மௌரீன் கதவைத் திரும்பப் பூட்டவில்லை. பூட்டையும் சாவியையும் கொண்டுவந்து பாஸ்டரின் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பாஸ்டர் அவற்றை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தக் கதவு இனிமே தொறந்தே இருக்கும். பிள்ளை யார் கிட்டயும் மன்னிப்புக் கேக்கத் தேவையில்ல."

தனக்கோடி மகளைக் கண்ணாரப் பார்த்தாள். இவளையா வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்றான் அந்த ஆள்!

"ஆமென்" என்றாள்.

"ஆமென்!" என்று பெண்கள் போட்ட சத்தத்தில் தெருமுனை ஒலிபெருக்கி ஒரு நிமிஷம் கேட்காமல் போனது.

சுகிர்தம் கஞ்சிப் பானையைத் திறந்தாள். யாரும் கிண்ணத்தை நீட்டவில்லை. "முதல்ல தண்ணி குடுக்கா" என்றாள் ராகேல். எல்லோரும் தண்ணீர்தான் கேட்டார்கள். வயிறு நிறையக் குடித்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கொல்லைப்பக்கம் போய் வந்து, அதற்குப் பிறகுதான் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். மூப்பர் அந்தப் பக்கமாகவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். சுகிர்தம் அவருக்கென்று ஒரு தூக்கில் கஞ்சி எடுத்து வைத்தாள். கூடவே சொன்னாள்: "திங்கட்கிழமை நீங்க யாரும் பயப்படாதீங்க. அவரு கிட்ட நான் பேசிக்கிறேன்."

திங்கட்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும், தனக்கோடி ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு மகளிடம் நீட்டினாள்.

"குடிடி."

"என்னத்தான் உள்ளயே வுடமாட்டாங்களே."

"ஃபேக்டரி கேட்ல ராகேல், கிருபை, அம்புஜம் எல்லாரும் காத்துகிட்டு நிக்கிறாங்களாம். நீ போனாத்தான் அவங்களும் போவாங்களாம். குடி முதல்ல."

மௌரீன் மடமடவென்று குடித்து முடித்தாள். தனக்கோடி தனக்கும் ஒரு சொம்பு மொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"புதுப் பூட்டு போட்டிருந்தா இன்னாம்மா பண்றது?" என்றாள் மௌரீன்.

"அயர்ன் பாக்ஸ் அங்கதானேடி இருக்குது? இந்தத் தடவ நான் போடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தனக்கோடி முன்னால் நடந்தாள்.