சின்ன ரி, பெரிய றி

1

இந்தக் கதை ஒரு அச்சுப்பிழையில் பிறந்தது.

என்னுடைய போன தொடரில் கதாநாயகன் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு இருட்டில் தப்பி ஓடினான். அச்சில் அவன் கறியைப் பூசிக்கொண்டு ஓடினான். அந்த வாரம் முழுக்க வாசகர்கள் ஃபோன் செய்தார்கள். "ஆட்டுக்கறியா சார், கோழிக்கறியா?" என்றார் ஒருவர். தெருநாய்கள் துரத்தியிருக்குமே, அதை ஏன் எழுதவில்லை என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிழை என்னுடையதா, பத்திரிகையில் பிழை திருத்தும் சுகுணாவுடையதா என்பதை நாங்கள் இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் எழுத்தில் இந்தச் சொல் வந்தாலே சுகுணா ஃபோன் செய்துவிடுவார். "சார், சின்ன ரி-யா, பெரிய றி-யா?"

சின்ன ரி என்றால் அடுப்பில் போடுவது. பெரிய றி என்றால் வாயில் போடுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனை மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. மாட்டிவிட்டேன். அவன் பெயர் தனபால்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

கொல்லிமலையின் சிகரங்களைக் கார்மேகங்கள் தழுவிக்கொண்டிருந்த அந்த ரம்மியமான காலைப் பொழுதில்

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியில் ஒரு பிணம் கிடந்தாக வேண்டும். தொடர்கதைப் பழக்கம்.)

இரண்டாவது முயற்சி:

"கரி என்றால் என்ன?" என்று கேட்டான் தனபால், வானத்தைப் பார்த்தபடி.

(யாரும் இப்படிக் கேட்பதில்லை. அதுவும் வானத்தைப் பார்த்தபடி.)

மூன்றாவது:

சனிக்கிழமை சாயங்காலம். சேந்தமங்கலத்தில் தனபாலின் லாரிப் பட்டறைக்குள் அவன் மனைவி கலைச்செல்வி செல்ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, அண்ணன் மெசேஜ் போட்டிருக்குது."

இது போதும். இதிலேயே போவோம்.

3

அண்ணன் என்றால் ராசப்பன். மேலே கொல்லிமலையில், குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். தனபாலுக்கு மச்சான். தனபாலும் மலையில் பிறந்தவன்தான், பட்டறை வைப்பதற்காக அடிவாரத்துக்கு இறங்கியவன். போன ஆடியிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. காரணம் நிலம் அல்ல, சீர் அல்ல. கோழி.

சுட்ட கோழி. கல்யாணமான புதிதில் தனபால் ஒரு பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு வட்டை எடுத்து, மூன்று கால் வைத்து வெல்டிங் பண்ணி, மேலே கம்பி வலை போட்டு மலைக்குக் கொண்டுபோனான். அதில் கரியைக் கொட்டி, பச்சை மிளகும் உப்பும் அரைத்துத் தடவிய கோழியைச் சுடுவதுதான் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை.* வெயிலானாலும் மழையானாலும் வாசலில், வானத்துக்குக் கீழேதான். ராசப்பனுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: "மேல கூரை இருந்தா அது சமையலுங்க. வானம் இருந்தாத்தான் சுடறது."

(* மலையில் டூரிஸ்ட்டுகள் தங்கும் இடங்களின் போர்டுகளில் இதற்குப் பெயர் பார்பிக்யூ. தனபால் "பார்பிகி" என்பான். ராசப்பன் பெயரே வைக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வாங்க" என்றால் இதுதான்.)

போன ஆடியில் ஒரு ஞாயிறு, பேய்மழை. கோழி பாதி வெந்திருந்தது. தனபாலுக்குப் பல் கிட்டிவிட்டது. வலையோடு கோழியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, கேஸ் அடுப்பில் வைத்து முடித்து, தட்டில் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினான். ராசப்பன் அதைத் தொடவில்லை.

"கேஸ்ல வெந்ததத் திங்கறதுக்கு என்ர ஊட்டுக்கு எதுக்குங்க வரோணும்? உங்க ஊட்டுலயும் கேஸ் இருக்குதுல்ல."

"மழையில நின்னு நனையறதுக்கு நா என்ன எருமையா மச்சான்?"

அந்த நேரத்தில் மழையில் நின்று நனைந்துகொண்டிருந்தவர் ராசப்பன். அதுதான் பிரச்சினை.

4

இந்த இடத்தில் சுகுணா ஃபோன் செய்தார்.

"சார், ஒரு கோழிக்காக யாராவது ஒரு வருஷம் பேசாம இருப்பாங்களா?"

"உங்க வீட்டுல யாரும் இல்லையா?"

"எங்க சித்தப்பா ரெண்டு பூரி கம்மியா வெச்சாங்கன்னு அத்தை வீட்டுப் பக்கமே போறதில்ல சார். சரி, நீங்க எழுதுங்க."

அவருக்குத் தைரியமாகப் பதில் சொல்லிவிட்டேனே தவிர, ராசப்பன் மேல் எனக்கே சந்தேகம்தான். மழையில் நின்று கோழி சுடும் ஆளை நம்ப வேண்டுமானால், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். யோசித்துப் பார்க்கிறேன்.

மழையில், முதுகு ஐஸ், முகம் தணல். வலையில் விழும் ஒவ்வொரு துளியும் 'சுர்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காணாமல் போகும். கொழுப்பு சொட்டிக் கிளம்பும் புகை மேலே போக முடியாமல் தரையோடு தவழ்ந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். முதலில் அந்தத் தோட்டத்து நாய் வரும். பிறகு நாயைத் தேடுகிற சாக்கில் நாய்க்காரர் வருவார். ஆடிக் காற்றில் விசிறவே வேண்டாம், காற்றே ஊதிக்கொடுக்கும். ஆனால் தணல் ஒரு பக்கமாகவே சிவக்கும். கோழியை நகர்த்திக்கொண்டே அடுப்பைச் சுற்றி வர வேண்டும், சாமி கும்பிடுகிற மாதிரி. மார்கழியில் எது புகை, எது மூடுபனி என்று தெரியாது. கண் எரிந்தால் புகை. பலா பழுக்கிற மாதங்களில் சுளையை வலையில் வைத்தால் ஓரம் கருகி, பாகு கட்டி, நாக்கைச் சுடும். சுடும் என்று தெரிந்தே எல்லோரும் வாயில் போடுவார்கள். கொட்டைகளைச் சாம்பலில் புதைத்துவிட்டு மறந்துபோவார்கள். 'டப்' என்று வெடிக்கும்போதுதான் ஞாபகம் வரும். சட்டையில் ஏறிய புகை வாசனை புதன்கிழமை வரைக்கும் போகாது. புதன்கிழமை பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் மூக்கை உறிஞ்சி, "எங்கீங்க விருந்து?" என்று கேட்பார்.

எழுதி முடித்தபோது ராசப்பன் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. தனபால் மேல் கொஞ்சம் வந்துவிட்டது.

5

மெசேஜுக்கு வருவோம். நம்மில் பாதிப் பேரைப் போல ராசப்பனும் செல்ஃபோனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பார்.

nayithu kelama vaanga. kari kondu vaanga.

"உனக்குத்தான வந்திருக்குது" என்றான் தனபால்.

"ஃபோனு எனக்கு. சேதி உங்களுக்குங்க. என்னையன்னா 'வா'ன்னு போட்டிருக்கும். 'வாங்க'ன்னு போட்டிருக்குது பாருங்க."

"ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டாவது வாங்கவுக்கு என்ன சொல்றீங்க? நா எந்தக் காலத்துல கரி தூக்கிட்டுப் போனேன்?"

(அவள் சொன்னது சின்ன ரி-யா, பெரிய றி-யா? பேசும்போது அந்த ஊரில் இரண்டும் ஒன்றுதான். எழுதுகிற எனக்குத்தான் கஷ்டம். சுகுணா, இந்த இடத்தில் கேட்காதீர்கள்.)

தனபால் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு மச்சான் 'வாங்க' என்கிறார். அதில் சந்தேகமில்லை. சந்தேகம் நடுவில் இருக்கும் சொல்லில்.

ராசப்பன் வீட்டில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. கல்யாணம் நிச்சயமான சமயத்தில் தனபால் மலைக்குப் போனபோதெல்லாம் சேந்தமங்கலத்தில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு போவான். ராசப்பன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு அவனை உட்கார வைப்பார். கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இனிமேல்ட்டு கறி வேண்டாங்க மாப்ள. கோழி இங்கயே திரியுது. நீங்க கரி கொண்டாந்துருங்க." மலையில் மரம் வெட்டிக் கரி போட முடியாது, கீழேயிருந்துதான் வர வேண்டும். அன்றைக்கு நாற்காலி உள்ளே போனது. பாக்குமட்டை விசிறி தனபால் கைக்கு வந்தது. கறி கொண்டுவருகிறவன் விருந்தாளி. உட்காருவான், முதலில் சாப்பிடுவான், கிளம்பிவிடுவான். கரி கொண்டுவருகிறவன் வீட்டு ஆள். பற்றவைப்பான், விசிறுவான், கடைசியில் சாப்பிடுவான்.

இப்போது சொல்லுங்கள், kari என்றால் என்ன?

"ஃபோன் பண்ணிக் கேட்டுருங்களேன்" என்றாள் கலைச்செல்வி.

"கேட்டா, நா உங்களுக்கு யாருங்கன்னு கேட்ட மாதிரி ஆயிரும் கலா."

"அதையுந்தான் கேளுங்க. ஒரு வருசமா தனியா பஸ் ஏறிப் போயிட்டு வாரேன். அங்க போனா அண்ணன் 'அவுரு நல்லாருக்காரா'ன்னு கேக்குது. இங்க வந்தா நீங்க 'உங்கண்ணன் நல்லாருக்குதா'ன்னு கேக்கறீங்க. எனக்குத் தபாலாபீஸு சம்பளமாவது குடுங்க."

6

சுகுணா மறுபடி. "ரெண்டையும் கொண்டுபோகட்டுமே சார். கதை முடிஞ்சுது."

முடியாது. கரியையும் கறியையும் சேர்த்துக் கொண்டுபோனால், 'உன் வீட்டில் ஒன்றும் இல்லை' என்று அர்த்தம். ஒரு வருஷச் சண்டை ஏழு வருஷத்துக்குப் போகும்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கரியோடு போகிறான். ராசப்பன் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறார். (மச்சானும் மாப்பிள்ளையும் கட்டிக்கொண்டு நீங்கள் எந்த ஊரில் பார்த்தீர்கள்?)

கறியோடு போகிறான். ராசப்பன் நாற்காலியைத் துண்டால் துடைக்கிறார். "உக்காருங்க" என்கிறார். அவ்வளவுதான். மதியம் முழுக்க அவனை உட்கார வைத்து உபசரிக்கிறார். (கொலையே இல்லாமல் நான் எழுதிய கொடூரமான முடிவு இதுதான். இரண்டு நாள் தள்ளிவைத்தேன்.)

மலைப்பாதையின் வளைவில், எதிரே கட்டுப்பாடில்லாமல் வந்த லாரி

(கை தானாக எழுதுகிறது. அடித்துவிட்டேன்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனபாலும் கலைச்செல்வியும் பைக்கில் கிளம்பினார்கள். கடைவீதியில் கறிக்கடை இந்தப் பக்கம், கரிக்கடை அந்தப் பக்கம். தனபால் நடுரோட்டில் பைக்கை நிறுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தான். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அந்தச் சமயம் பார்த்து என் ஃபோன் அடித்தது. சுகுணாதான், வேறொரு கதையில் ஒரு சந்திப்பிழை. பேசிவிட்டுத் திரும்பினால் தனபால் பைக்கைக் கிளப்பிவிட்டான். பின்னால் கலைச்செல்வியின் மடியில் ஒரு கட்டைப்பை. மழைக்காகப் பிளாஸ்டிக் தாள் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தது.

உள்ளே என்ன என்று நான் பார்க்கவில்லை.

7

காரவள்ளி தாண்டி வளைவுகளில் ஏற ஏறத் தூறல் பிடித்தது. செம்மேட்டில் அது மழையாகிவிட்டது. ராசப்பன் வீட்டு வாசலில் பைக் நின்றபோது இருவர் உடம்பிலும் நனையாத இடமில்லை. பை மட்டும் காய்ந்திருந்தது.

வாசல் நடுவில், வழக்கமான இடத்தில், லாரிச் சக்கர அடுப்பு. அதற்கு மேலே, பலாமரத்திலிருந்து தொழுவத்துத் தூண் வரைக்கும், ஒரு நீலத் தார்ப்பாய்.

ராசப்பன் அதற்கு அடியில் நின்றிருந்தார். தலைமுடிகூட நனையவில்லை. அதற்கு வெட்கப்படுகிறவர் மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார். பிறகு, தார்ப்பாயைக் காட்டி, "மழைங்க. மாப்ளைக்கு ஆகாதேன்னு..."

தனபால் நேராகப் பலாமரத்துக்குப் போய் முடிச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். காலையிலிருந்து தார்ப்பாயின் குழியில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ராசப்பன் தலையில் இறங்கியது. இழுத்த வேகத்தில் மிச்சம் தனபால் மேல்.

உள்ளேயிருந்து ராசப்பன் மனைவி மாதம்மாள் எட்டிப் பார்த்தாள். கலைச்செல்வி முகத்தை மூடிக்கொண்டாள்.

ராசப்பன் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். மாப்பிள்ளையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எருமை ரெண்டாச்சுங்க மாப்ள" என்றார்.

"ஆமாங்க மச்சான்."

"வாங்கண்ணா" என்றபடி மாதம்மாள் மழையில் இறங்கி வந்தாள். "போன ஆடியில நீங்க கொண்டாந்த கரி அரை மூட்டை அப்பிடியே கெடக்குதுங்க. இவரு ஒருநாளும் பத்தவெக்கல. ஞாயித்துக்கெழமயானா அடுப்பைச் சுத்தி வந்துட்டு உள்ள வந்து படுத்துக்குவாரு."

ராசப்பன் அது காதில் விழாதவர் மாதிரி பலாமரத்தைப் பார்த்தார்.

கலைச்செல்வி பொறுமையிழந்தாள். "அண்ணா, நெசமாச் சொல்லு. நீ மெசேஜ் போட்டயே, அது எந்தக் கரி? பத்தவெக்கறதா, திங்கறதா?"

ராசப்பன் துண்டைப் பிழிந்தார். அவசரப்படாமல் பிழிந்தார்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும் கண்ணு? அவுரு எதைக் கொண்டாராருன்னு பாக்கத்தான போட்டேன்."

எல்லோரும் பையைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி, துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் சுவரில் பாக்குமட்டை விசிறி. தனபால் சணல் முடிச்சை அவிழ்த்தான். பிளாஸ்டிக் தாளை விலக்கினான். பைக்குள் இருந்தது, க

8

இங்கே ஒரு எழுத்து விட்டிருக்கிறேன். அச்சுப்பிழை அல்ல. சுகுணாவிடம் சொல்லிவிட்டேன்.

"வாசகர்கிட்ட விடறீங்களா சார்?"

"ஆமாம்மா."

"தார்ப்பாயை இழுத்தவன் என்ன வாங்கியிருப்பான்னு எனக்கே தெரியும்."

"தார்ப்பாயை மலை மேல வெச்சு இழுத்தான். பையில இருக்கறதை அடிவாரத்துல வெச்சு வாங்கினான். நடுவில மனசு மாற எத்தனை வளைவு இருக்குது."

"சரி. அப்போ சுடறதுக்குக் கோழி எங்க சார்?"

சேவலைச் சொல்ல மறந்துவிட்டேன். தொழுவத்துக் கூரைக்கு அடியில் ஒரு சிவப்புச் சேவல் நின்றுகொண்டிருக்கிறது. இந்தக் கதையில் இப்போது மழைக்கு ஒதுங்கி நிற்கிற ஒரே ஆள்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ரி போட்டால் விசிறி தனபால் கைக்கு வரும், சேவலுக்குக் கதை முடியும். பெரிய றி போட்டால் சேவல் நாளைக்கும் கூவும், நாற்காலி வாசலுக்கு வரும், போன வருஷத்துக் கரி பற்றுகிறதா என்று ராசப்பன் தனியாகப் பார்த்துக்கொள்வார். ஒரு எழுத்துதான்.

கொஞ்சம் சீக்கிரம். நாலு பேரும் நனைகிறார்கள்.