அறுபத்தெட்டாம் நாள்

செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நூலகத்தின் பின்னறைக் கதவு திறப்பதற்குள், தாழ்வாரத்துப் பெஞ்சுகள் நிறைந்துவிடும். வந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மருத்துவக் காப்பீட்டுக் காகிதங்கள், ஸ்கேன் அறிக்கைகள், எதற்கும் இருக்கட்டுமென்று காலி மாத்திரை அட்டைகள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரே ஒருத்தி. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். இதற்குச் சம்பளம் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு அறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வருகிறவர்கள் அவளைப் பாலிசியம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அன்று ஏழாவதாக வந்தவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக் காலுக்கு வாகு பார்த்துக்கொண்டார்.

"வீட்டுக்காரிக்கு இதயத்துல வால்வு மாத்தணும்மா. இன்னைக்குச் சாயங்காலம் வந்து சேரச் சொல்லியிருந்தாங்க. இப்ப என்னடான்னா கம்பெனி பணம் தராதாம், வராதீங்கங்கறாங்க. ஏதோ பேப்பர் விட்டுப்போச்சு போல. எதுன்னு மட்டும் சொல்லுங்க, ஓடிப்போய் எடுத்தாந்துடறேன்."

அவள் கவரைப் பிரித்தாள். இரண்டு பாலிசிகள் இருந்தன. ஒன்று பதினோரு வருஷத்துப் பழசு. இன்னொன்று புத்தம் புதுசு, வேறு கம்பெனி.

"பழசை ஏன் விட்டீங்க ஐயா?"

"விடலையே. ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அப்பா, அப்பான்னு அவ்வளவு மரியாதை. அதே மாதிரி பாலிசிதான், பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்துத் தரோம், பழசுக்கு இனிமே கட்டாதீங்கன்னுச்சு. எல்லாத்துக்கும் 'சரி'ன்னு சொல்லச் சொல்லுச்சு. சொன்னேன்."

"அம்மாவுக்கு வால்வுல கோளாறுன்னு சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? அதெல்லாம் பார்த்துக்கலாம்ப்பான்னுச்சு."

ஒன்பதாம் பக்கத்தின் அடியில் அது இருந்தது: ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் கழித்தே பணம். வேலையிலிருந்தபோது அந்த வாக்கியத்தை எத்தனையோ கடிதங்களில் அவள் தட்டச்சு செய்திருக்கிறாள். எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அதை வாயால் சொன்னதில்லை. சொன்னாள்.

"மூணு வருஷமா?" என்றார் அவர். "மூணு மாசத்துக்கு மேல தள்ளாதீங்கன்னு டாக்டர் சொல்றாரும்மா."

அவள் பழைய பாலிசியைப் புரட்டினாள். தவணை தவறினாலும் அறுபது நாளுக்குள் புதுப்பிக்கலாம் என்றிருந்தது. நாள்காட்டியை எடுத்துத் தவணைத் தேதியிலிருந்து விரல் வைத்து எண்ணினாள். அறுபத்தெட்டு. நம்பாமல் மறுபடி எண்ணினாள். பழைய கம்பெனிக்குப் போன் போட்டாள். அரைமணி நேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு குரல் வந்தது. அறுபது தாண்டினால் கம்ப்யூட்டர் எடுக்காது மேடம் என்றது.

"அடுத்த வேலை என்னன்னு சொல்லுங்கம்மா," என்றார் அவர். "ரெண்டு வாரம் முன்னாடியே, ஆஸ்பத்திரிக்காரங்க முதல் தடவை இழுத்தடிச்சப்பவே இங்க வந்தேன். டோக்கன்கூட வாங்கினேன். பார்க்க முடியல."

இரண்டு வாரம் முன்பு. ஐம்பத்து நான்காம் நாள். அவள் பேனாவை மூடினாள். அவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. சொல்லாவிட்டால் தெரியப்போவதும் இல்லை.

"ஐயா," என்றாள். "அன்னைக்கு உங்களைப் பார்த்திருந்தா பழசைக் காப்பாத்தியிருக்கலாம். ஆறு நாள் மிச்சமிருந்துச்சு."

அவர் நாள்காட்டியைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மேல தப்பில்லம்மா. அன்னைக்குக் கடைசி டோக்கன் என்னுதுதான். டோக்கன் கிடைக்காம எனக்குப் பின்னாடி நின்ன ஒரு அம்மா, மருந்து தீர்ந்துபோச்சுன்னு அழுதுச்சு. நீ போம்மான்னு விட்டுட்டேன். நமக்கென்ன, பேப்பர் வேலைதானேன்னு..."

அவள் பழைய கம்பெனிக்கு ஒரு முறையீடு எழுதினாள், போனில் ஏமாற்றியதற்குப் புதுக் கம்பெனி மேல் ஒரு புகார் எழுதினாள். அவர் இரண்டிலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"எப்பம்மா பதில் வரும்?"

"மூணு மாசம் எடுத்துப்பாங்க ஐயா. நான் விடாம கேட்டுக்கிட்டே இருக்கேன்."

தலையசைத்துவிட்டு எழுந்தார். தாழ்வாரத்தில் அவர் மனைவி, ஆஸ்பத்திரிக்கென்று அடுக்கிய பையைக் காலடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அதில் மாற்றுப் புடவையும் துண்டும் தெரிந்தன. இங்கிருந்து அப்படியே போய் ஆஸ்பத்திரியில் படுத்துவிடலாமென்று கொண்டுவந்திருந்தாள்.

"ஏங்க, சரியாயிடுச்சா?"

"ஒரு கையெழுத்துதான் விட்டுப்போயிருந்துச்சு. போட்டாச்சு. தேதி மட்டும் மாத்தித் தருவாங்களாம்."

அவள் எழுந்து வாசல்வரை வந்து, மூச்சு வாங்க, உள்ளே பார்த்துக் கைகூப்பினாள். "நீங்க... நல்லா இருக்கணும் தாயி."

எட்டாவது ஆள் வந்து உட்கார்ந்து கவரைப் பிரிக்கத் தொடங்கினார். பாலிசியம்மாவின் கண் ஜன்னலுக்குப் போயிற்று. வெளியே ஐந்தே படிகள். இரண்டாவதிலேயே அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்காகக் காத்திருப்பது தெரியாதபடி, சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு கிழிந்த நோட்டீஸை வெகு சிரத்தையாகப் படித்துக்கொண்டு நின்றார்.