நாலு சதவீதம்

காலை ஒன்பது மணிக்கு அனுசியா கூப்பிட்டபோது, டீயைக்கூட முடிக்காமல் சிரித்துக்கொண்டேதான் ஆய்வகத்தைத் திறந்துவிடப் போனேன். ராத்திரியே எல்லாம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. திரையில் மூன்று சதவீதம் என்றிருந்தது.

இந்தக் கல்லூரி வளாகம் முழுக்கக் கண்ணாடி இழை இழுத்து நெட்வொர்க் போட்டவன் நான். எட்டு மாதம் பள்ளத்திலேயே நின்றிருக்கிறேன். அனுசியா நல்லூர்ப் பெண். மின்கம்பத்துப் பீங்கான் உள்ளுக்குள் எப்படி விரிசல் விடுகிறது என்று மூன்று வருடமாக ஆராய்கிறாள். ஸ்கேன் எடுத்த படங்களை வைத்துக் கணக்குப் போட, சென்னையில் ஒரு பெரிய கணினியில் அவளுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தார்கள். இன்று பகல் பன்னிரண்டுக்குள் படங்கள் அங்கே இருக்க வேண்டும். தவறினால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி அவள் முறை வர ஆடி ஆகும். உதவித்தொகையோ பங்குனியோடு சரி.

நேற்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ராத்திரி ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னம்மா, ரோடு போட்டவன் இங்க நிக்கிறேன், நீ வரப்புல நடந்து போறேங்கிற?" என்றேன். வளாகத்தின் மறுகோடியில் பீங்கான் சுடுகிற சூளைக் கொட்டகை இருக்கிறது; அங்கே உள்ள கணினிக்கு அனுப்பி வேகத்தையும் காட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் போனது. அவள் டிக்கெட்டை ரத்து செய்தாள். படங்களைச் சென்னைக்கு அனுப்பவிட்டு, ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

வளாகத்துக்குள் ஓட்டிப் பார்த்தேனே தவிர, வெளியே ஓட்டிப் பார்க்கவில்லை. வெளியே போகிற வழியில் ஃபயர்வால் இருக்கிறது. எதையும் பிரித்துப் பார்த்துத்தான் விடும். மாசி மகத்துக் கூட்டத்தை ஒரே ஆள் வாசலில் நின்று பை பையாகச் சோதித்தால் எப்படி இருக்கும்? அதைத் தளர்த்தும் அதிகாரம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. போன் போட்டேன்.

"மெயில் போடுங்க சார். மூணு நாளுல பாத்துடுவாங்க."

"பன்னெண்டு மணிக்குள்ள வேணுங்க. ஒரு பொண்ணோட படிப்புங்க."

"புரியுது சார். மெயில் போடுங்க."

கார் பிடித்தாலும் சென்னைக்கு நாலரை மணி நேரம். அனுசியா சென்னைக்குப் பேசி, இரண்டு மணி வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவர்கள் தன்மையாகவே மறுத்தார்கள்.

"என்னாலதாம்மா" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "நீங்க சாப்ட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு அடித்தது. திரையில் மூன்று சதவீதம் நாலாகியிருந்தது. அலமாரியில் நான் மாட்டிய நெட்வொர்க் பெட்டிகளின் விளக்குகள் ஒன்று விடாமல் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"நிறுத்திடட்டுமா?"

"ஓடட்டும்ணா. பாதியில எதுக்கு நிறுத்திகிட்டு?"

ஜங்ஷன் பக்கம் ரயில் ஊதியது. அவள் சட்டென்று எழுந்து டிஸ்க் இருந்த பையைத் தோளில் மாட்டினாள். கதவு வரை போனாள். பிறகு திரும்பி வந்து, பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரைக்கு எதிரே உட்கார்ந்தாள்.