உட்காராத மேனேஜர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நீள சோபாவில் தையல்காரரும் அவர் மனைவியும். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தும் உட்காராமலும் அவர்கள் பையன். எதிரே முக்காலியில் பஸ் டிரைவரின் மனைவி. ஜன்னலை ஒட்டி நின்றிருந்தவள் மகள். பையனை அவளே தேர்ந்தெடுத்திருந்ததால் பதற்றத்தில் உட்கார முடியவில்லை. டிரைவர் மட்டும் சற்றுத் தள்ளி, பாத்ரூம் கதவருகே மர நாற்காலியில், ஒரு பழைய குஷன்மேல் இருந்தார்.

"அங்க ஏன் சம்பந்தி, டிக்கெட் வாங்காத ஆள் மாதிரி? இப்படி வந்து உக்காருங்க" என்றார் தையல்காரர். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. ஆனாலும் வந்ததிலிருந்து சம்பந்திதான்.

"முதுகு வலி. எனக்கு இதான் சரி."

அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவருக்கு நிஜமாகவே முதுகு வலிக்க ஆரம்பித்திருந்தது.

வண்டி ஓட்டிய காலத்தில், விடியற்காலை ஏறினால் கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அசையாமல் அடக்கி வைத்திருந்தவர். 'தண்ணித் தொட்டி' என்று டெப்போவில் பட்டப்பெயர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தொட்டிக்கு மூடி இல்லாமல் போயிற்று. இருமினால் போயிற்று, குனிந்தால் போயிற்று. டாக்டரிடம்கூட அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, மனைவிதான் சொன்னாள். "நிறைய பேருக்கு ஆகிறதுதான் ஐயா" என்றாள் நர்ஸ். "இருமுறதுக்கு, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கீழ இறுக்கிப் பிடிச்சுப் பழகுங்க. கொஞ்சம் கொஞ்சமா சரியாகும். வெக்கப்பட்டு வீட்டோட மட்டும் இருந்துடாதீங்க." அவர் வீட்டோடு இருந்துவிட்டார். மகளுக்குத் தெரியவே கூடாது என்று மனைவியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். இருமலுக்கு முன்னால் தொண்டை அரிக்கும், சுதாரித்துக்கொள்ளலாம். சிரிப்பு மட்டும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே சிரிக்க வைக்கும் நண்பர்களை ஒவ்வொருவராக விட்டு விலகினார். பேப்பரில் துணுக்குப் பக்கத்தைக்கூட மடித்து வைத்துவிடுவார்.

தையல்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குக் கதையை எடுத்துவிட்டார். "ஒரு மேனேஜருக்கு பேன்ட் தச்சேன் சம்பந்தி. டைட்டாப் போச்சு. ஆபீஸ் விழாவுல மனுஷன் உக்காந்தா கிழிஞ்சிடும்னு நின்னுட்டே இருக்காரு. பெரியவரே நிக்கிறாரேன்னு மேடையில இருந்தவங்க எழுந்தாங்க. அவங்க எழுந்ததைப் பாத்து மொத்தக் கூட்டமும் எழுந்துடுச்சு. கடைசி வரைக்கும் ஒருத்தன் உக்காரலியே! யாருக்காக நிக்கிறோம்னு ஒருத்தனுக்கும் தெரியாது!"

டிரைவர் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் ஜன்னலோரத்திலிருந்து அந்தச் சிரிப்பை நம்ப முடியாமல் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்திலேயே தையல்காரர், "அப்ப நம்ம விஷயம்? உங்களுக்குப் பூரண சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டார்.

அதற்குள் வெதுவெதுப்பு தொடை வரை இறங்கிவிட்டது. குஷனைப் பின்னால் அழுத்திப் பிடித்தபடி எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் பாத்ரூமுக்குள் போனார். கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

ஆட்கள் கிளம்பும்வரை அவர் வெளியே வரவில்லை. மாற்றுத் துணி அலமாரியில் இருந்தது. அலமாரிக்குக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். உள்ளே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். "பெத்தவர் மனசு கோணி ஒரு கல்யாணம் வேணாம்மா" என்று தையல்காரரின் குரல் இறங்கி ஒலித்தது. பிறகு கதவருகே மகள். "பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாம்பா. அவ்ளோ சிரிச்சுட்டு, மூஞ்சில கதவ சாத்தினா என்ன அர்த்தம்?" அவர் குழாயைத் திறந்துவிட்டார். அன்று மாலையே அவள் வேலை பார்க்கும் ஊருக்கு ரயிலேறினாள். அதன்பின் இவர்கள் போனை எடுப்பதில்லை.

"பையனோட அப்பாவுக்கு, திடீர்னு தலைசுத்தல்னு ஒரு வரி எழுதிப் போடுங்களேன்" என்றாள் மனைவி.

"எழுதலாம். அப்பறம் அவங்க வீட்டுக்குப் போனா? அங்கயும் கதவோரமாத்தான் உக்காரணும். பேரப்பிள்ளைய மடியில கேப்பாங்க. அப்ப எந்த வலியச் சொல்றது?"

அவள் பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "பொண்ணுகிட்ட?"

"அவளுக்கு நீ எழுது. சத்தியத்த நானே வாபஸ் வாங்கிக்கிறேன். பையனோட அப்பாவுக்கு நான் எழுதுறேன். கேள்வி கேட்டது அவருதானே."

'அன்புள்ள ஐயா' என்று தொடங்கினார். சம்பந்தி என்று எழுதும் உரிமை இனி தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆபரேஷனை எழுதினார். 'நீர்' என்று எழுதி அடித்து, மறுபடி 'சிறுநீர்' என்றே எழுதினார். எழுதிய பிறகு அது மற்றச் சொற்களைப் போலவே சாதுவாகத் தாளில் கிடந்தது. கடைசியில் இப்படி முடித்தார்: 'தங்கள் கதை பிடித்ததால்தான் எழுந்தேன். தங்கள் கேள்விக்கு என் பதில், ஆம். குஷனைப் பிடித்துக்கொண்டு போனதற்கு மன்னிக்கவும். உங்கள் மேனேஜரை எனக்கு நன்றாகப் புரிகிறது.'

உறையில் பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினார். எழுமுன் நர்ஸ் சொன்னபடி இறுக்கிப் பிடித்தார். தெருமுனைவரை நடந்து, தபால் பெட்டியின் வாயில் உறையைப் பாதி நுழைத்துவிட்டு நின்றார். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். விரல் தளர்ந்தது. பெட்டி காலியாக இருந்திருக்க வேண்டும். அடியில் தகரத்தில் உறை விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. வழி விடாமல் அவர் இன்னும் கொஞ்ச நேரம், காலி விரல்களை அந்த இடுக்கிலேயே வைத்தபடி நின்றிருந்தார்.