சர்ச்சை இல்லாத சேவுக் கடை

எங்கள் சேவுக் கடை வழக்கில் எழுதப்பட்ட பரிந்துரை, நீதிமன்றத்தின் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளை வேட்டி. நெற்றியில் முத்திரை. எனக்கு வணக்கம் சொன்னது. நானும் சொன்னேன். மரியாதைக்கு என்ன குறைச்சல்.

அதை எழுதியவர் விசாரணை அதிகாரி. "கூட்டாளிகள் இருவரும் எல்லா விவரத்தையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். சர்ச்சையே இல்லை. சாட்சி விசாரணை வேண்டாம். கடையை முழுசாகச் சேர்மத்துரைக்குக் கொடுத்துவிடலாம்" என்று எழுதிவிட்டு, அவர் கதவாகிவிட்டார். அவரைத் திறந்துகொண்டுதான் நாங்கள் உள்ளே வந்தோம்.

சேர்மத்துரை என் கூட்டாளி. ஒரே கல்லாவில் உட்கார்ந்தே இருவருக்கும் தலை நரைத்தது. இப்போது கடை தனக்கே என்கிறான். கடை போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவேன்? எனக்குப் பயமாக இருந்தது. கூண்டில் ஏறி நின்றேன்.

நீதிபதி திலகவதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பரிந்துரை சரியான்னு பார்க்கப் போறேன். ஒரு விஷயத்துலயாவது நீங்க முரண்பட்டா விசாரணை உண்டு. அதுவரைக்கும் கடை ரெண்டு பேருக்கும் பொது. இல்லேன்னா இன்னைக்கே சேர்மத்துரைக்கு. என்ன எண்ணெய்?"

"கடலெண்ணெ," என்றோம் இருவரும்.

என் கூண்டு ஒரு சாண் சுருங்கியது.

"பூண்டு?"

"தட்டித்தான் போடணும்."

இன்னொரு சாண்.

"கடை வாசல் எந்தப் பக்கம்?"

கிழக்கு. பொய் சொல்லிப் பார்ப்போம் என்று "வடக்கு" என்றேன். அந்தப் பாவியும் "வடக்கு" என்றான். நான் சொல்வதையே சொல்லிச் சொல்லிப் பழக்கதோஷம். வெளியே கடை திரும்புகிற சத்தம் கேட்டது.

கூண்டு கழுத்துக்கு வந்துவிட்டது. பரிந்துரை கொட்டாவி விட்டது. நீதிபதி பேனாவைத் திறந்தார்.

"கடைசியா ஒண்ணு. நிறுத்துப் போட்டப்புறம் கொசுறு எவ்வளவு?"

"ஒரு பிடி."

பேனா தாளைத் தொட்டது.

"யார் கைப்பிடி?"

"என் கைதாம்மா," என்றான் சேர்மத்துரை. "இவன் கை கஞ்சக் கை. நாலு சேவு விழுந்தா அதிசயம்."

அவனுடைய வக்கீல் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "ஐயா, சும்மா இருங்க. ஜெயிச்சிட்டோம்."

"நாலா?" என்றேன். "லே, சனம் என் பக்கம்தாம்ல வரிசை கட்டும்!"

"அது ஃபேன் காத்துக்கு நின்ன கூட்டம்லே!"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கூண்டு விரிந்தது. விரிந்து விரிந்து அவனையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டது.

"சர்ச்சை இருக்கு," என்றார் நீதிபதி. "பரிந்துரை தள்ளுபடி."

பரிந்துரை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டியது. கதவு இரண்டு பலகையாலும் கைதட்டி வழிவிட்டது.

"ரெண்டு பேரும் தினமும் கடையத் திறந்து கொசுறு போடணும்," என்றார் நீதிபதி. "ஊர் மொத்தமும் சாட்சி. எல்லாரையும் விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் கடை ரெண்டு பேருக்கும்."

"ஊர்ல குழந்தை பிறந்தா?" என்றான் சேர்மத்துரை.

"அதுவும் சாட்சி."

வழக்கு பார்க்க வந்திருந்த கூட்டத்தை நாங்கள் திரும்பிப் பார்த்தோம். நிறைமாதமாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"தாயி, எங்கிட்ட வா," என்றான் அவன்.

"எங்கிட்ட வா தாயி," என்றேன் நான்.

அவள் சிரித்துக்கொண்டே எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு பையை நீட்டினாள்.