ஆகஸ்டுக்கு வைத்த வேலை

ஒலிந்தாவின் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கேஸ் கீசருக்குத் தொட்டி கிடையாது. வீட்டில் எங்கே வெந்நீர்க் குழாயைத் திறந்தாலும் உள்ளே ‘பொப்’ என்று தீ பற்றும். மூடினால் அணைந்துவிடும். வருடத்தில் பதினோரு மாதம் அது அவள் கைக்கு மட்டுமே பற்றியது. ஆகஸ்டில் மட்டும், அவள் சமையலறையில் பாதாமின் பச்சைத் தோலை உரித்தபடி உட்கார்ந்திருக்கும்போது, அவள் எதையும் தொடாமலே அது பற்றும். குளியலறையில் அவள் கணவன் அடெலினோ குழாயைத் திறந்திருப்பான். அந்தச் சத்தத்துக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறாள் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும்தான்.

இருபத்திரண்டு வருடமாக அவன் ஜெனீவாவில் சுவர் பூசுகிறான். லூலே ஊரில் அவர்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான். ஆகஸ்ட் பிறந்தால் வெளிநாட்டு நம்பர் பலகையோடு கார்கள் வந்து வாசலை அடைத்து நிற்கும். அதற்காகவே பெண்கள் வேலைகளைச் சேர்த்து வைப்பார்கள். சொட்டுகிற குழாய், ஜன்னல் மறைப்பை ஏற்றி இறக்குகிற நாடா அறுந்தது, இறங்காத பரண் கதவு. வந்தவன் இரண்டாம் நாள் வெறுங்கையோடு நின்றால் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். அடெலினோவுக்கென்று வைத்த முதல் வேலை எப்போதும் கீசர்தான். சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர். ஒரு வருடத்தில் கீசரின் செப்புக் குழலுக்குள் உப்பு படிந்து, வெந்நீர் நூலாக இளைத்துவிடும். வினிகர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இந்த வருடம் பிப்ரவரியிலேயே அது மூச்சு வாங்க ஆரம்பித்தது. பற்றும், இருமும், அணையும். ஒலிந்தா இரண்டு வாரம் பானையில் வெந்நீர் வைத்துக் குளித்தாள்.

“ஆகஸ்ட் வரைக்கும் இப்படித்தான் குளிக்கப் போறியா?” என்றாள் எதிர்வீட்டு ஃபிலோமேனா. “அவன் வர்றதுக்குள்ள நீயே ஒரு சுண்ணாம்புக் கட்டியாயிடுவ. உனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாதா? கை இருக்குல்ல?”

கை இருந்தது. இருபத்தோரு ஆகஸ்டில் அவன் பக்கத்தில் வாளியைப் பிடித்து நின்ற கை. சிலிண்டரை மூடினாள். தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத்தை வடியவிட்டாள். கீசருக்குள் தண்ணீர் போகிற, வருகிற இரண்டு குழாய்களையும் கழற்றினாள். ஒன்றில் ஹோஸைச் செருகி, புனலைத் தலைக்கு மேல் தூக்கி, வெள்ளை வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். உள்ளே நண்டு வேகிற மாதிரி இரைந்தது. மறுமுனையில் சாம்பல் நிற நுரையாக வாளியில் விழுந்தது. விழுந்ததையே மறுபடி ஊற்றினாள், இரைச்சல் அடங்கும்வரை. தண்ணீர் நுழைகிற இடத்துச் சல்லடையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். நல்ல தண்ணீரில் அலசி, மரையில் வெள்ளை டேப் சுற்றிப் பூட்டி, தீப்பொறி தருகிற பேட்டரியையும் மாற்றிக் குழாயைத் திறந்தபோது தீ நீலமாக, ஒரே சீராக எரிந்தது. குழாயடியில் நின்று அவள் அழுதாள். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஜூனில் மறுபடி தண்ணீர் கொஞ்சம் இளைத்தது. ஆகஸ்டுக்கு இரண்டே மாதம், விட்டிருக்கலாம். ஆனால் கை பழகிவிட்டிருந்தது. அது மனசைக் கேட்காமல் கீசரை மறுபடி கழுவிவிட்டது.

அந்த ஜூனில்தான் அவன் போனில் சொன்னான். “எனக்கும் அறுபத்தொண்ணு ஆச்சு. குளிர்காலத்துக்கு வர்றதா இல்லையான்னு மேஸ்திரி கேக்கறாரு. ஆகஸ்ட் ரெண்டாவது வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடறேன்னாரு. வந்து பாத்து முடிவு பண்ணிக்கலாம்.”

என்ன பார்த்து? அவள் கேட்கவில்லை. இங்கேயே இருந்துவிடு என்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வார்த்தைகளை அவர்கள் போனில் பேசிப் பழகவில்லை.

வந்த இரண்டாம் நாள் காலை காபி முடிந்ததும் அவன் ஹோஸையும் புனலையும் எடுத்தான். ஒலிந்தா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். குழாயைக் கழற்றியவன் மரையை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தான். வினிகரை ஊற்றினான். கீசரின் பக்கவாட்டில் காதை வைத்தான்.

“வாயே தொறக்கல,” என்றான்.

“என்னது?”

“வினிகர். நண்டு மாதிரி இரையணும்ல? தேவாலயத்துல உக்காந்த மாதிரி இருக்கு.” நிமிர்ந்தான். “நான் சணல் நூல்தான் சுத்துவேன். இதுல வெள்ளை டேப்பு. யாரு வந்தாங்க?”

“யாரும் வரல. நான்தான்.”

“நீயா?”

“பிப்ரவரில. அப்புறம் ஜூன்ல.”

“ரெண்டு தடவை.” கையைத் துடைத்துக்கொண்டான். “நல்லாத்தான் பண்ணியிருக்க.”

குற்றம் கண்டுபிடித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

“ஜன்னல் நாடா?” என்றான்.

“ஃபிலோமேனா மருமகன் மாத்திக் குடுத்தான்.”

“குளியலறைக் குழாய் சொட்டிச்சே?”

“வாஷர்தானே. போட்டுட்டேன்.”

“அப்ப நான் கடற்கரையில துண்டை விரிச்சுப் படுத்துக்கறேன். லீவுக்கு வர்ற இங்கிலீஷ்காரன் மாதிரி.” சிரித்தான். மத்தியானம் மத்தி மீனைச் சுட்டுத் தட்டில் வைத்தபோது, முள்ளைப் பிரித்துக்கொண்டே, தட்டைப் பார்த்தே சொன்னான்: “மேஸ்திரிகிட்ட வரேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இங்கதான் எல்லாம் நல்லா ஓடுதே.”

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். வீடு நல்லா ஓடுகிறது என்பதால் நீ தேவையில்லை என்றா ஆகிறது? கேள்வி உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடம் அவனிடம் அவள் பேசியதெல்லாம் சொட்டுகிற குழாய்களைக் கொண்டுதான். வா என்று சொல்லவில்லை, நாடா அறுந்துவிட்டது என்றாள். உன் நினைப்பாகவே இருக்கிறது என்று சொல்லவில்லை, கீசர் இருமுகிறது என்றாள். இப்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு ஊமையாக நிற்கிறாள்.

வியாழக்கிழமை மாலை ஸ்பானரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். குழாயின் தலையைக் கழற்றி, புது வாஷரைக் கத்தி முனையால் நெம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

“என்ன பண்ற?”

“கழட்டறேன்.”

“கெட்டுப்போச்சா?”

“இல்ல. கெடுக்கறேன்.”

அவன் கொஞ்ச நேரம் ஸ்பானரையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். “பைத்தியமா நீ?”

“உனக்கு ஒரு வேலை வேணும்ல? அதான்.” கத்தியை ஓரமாக வைத்தாள். “இங்க கேளு மனுஷா. கீசரை நான் கழுவிடுவேன், நாடா மாத்திடுவேன், பரண் கதவையும் பாத்துப்பேன். ஒண்ணுதான் என்னால முடியாது. நான் அங்க சமையலறையில உக்காந்திருக்கப்ப, அது தானா பத்தணும். வருஷத்துக்கு பதினோரு மாசம் நான் தொட்டாத்தான் இந்த வீட்ல ஏதாவது அசையுது. எனக்கு அந்தச் சத்தம் வேணும். வேற ஒரு வேலையும் உனக்கு நான் வைக்கல.”

அவன் உள்ளே வந்தான். அவள் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினான். வாஷரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குழாயைத் திரும்ப மூட்டினான். அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போய் அத்தி மரத்தடியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். அவள் கூப்பிடவில்லை. சொன்னதைத் திரும்ப எடுக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் சமையலறை மேசையில் பாதாம் உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தோலின் சாறு பட்டுக் கறுத்திருந்தன. அவன் போன் மேசையில்தான் கிடந்தது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் உள்ளே வந்தான், தோளில் துண்டோடு. போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நடைவழியில் போனான். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

போன் அடித்தது. மேசை அதிர, உரித்த பாதாம்கள் மெல்ல உருண்டன.

“போன் அடிக்குது,” என்று அவள் நடைவழியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அவள் தலைக்கு மேல், யாரும் தொடாமல், ‘பொப்’ என்றது. கீசரின் கண்ணாடிச் சிறு ஜன்னலுக்குள் நீலம் பரவியது.

“அடிக்கட்டும்,” என்றான் உள்ளிருந்து. “நீ அங்க வெந்நீரைத் திறந்துடாத. எனக்கு ஜில்லுன்னு ஆயிடும்.”

“திறக்கல.”

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தீ எரிந்துகொண்டே இருந்தது. ஒலிந்தா எழுந்துபோய்க் கறுத்த கைகளைப் பச்சைத் தண்ணீரிலேயே கழுவினாள். கறை போகவில்லை. அவசரமில்லாமல் தேய்த்துக்கொண்டே அந்தத் தீயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.